கோபால்ட் யார் வீட்டுப் பிள்ளை?

லிஃப்ட் வேலை செய்யவில்லை. நிலவியல் துறை நான்காவது மாடியில் இருந்தது. பூமிக்கு அடியில் முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் என்ன கொதிக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு, லிஃப்ட் ஏன் நிற்கிறது என்று மட்டும் ஆறு மாதமாகத் தெரியவில்லையாம்.

மூன்றாவது மாடியில் அத்தான் நின்றுவிட்டார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"என்ன அத்தான், துப்பு கிடைச்சிருச்சா?"

"முதல்ல மூச்சு கிடைக்கட்டும்."

அத்தான் என் அக்காவின் கணவர். துப்பறிவாளர் என்று வாசலில் பலகை மாட்டியிருப்பவர்களில், கேஸ் வந்தால் முகம் வாடுகிற ஒரே ஆள் இவர்தான். நான் இவருடைய உதவியாளன். இந்தப் பதவிக்கு வேண்டிய தகுதி, அக்காவுக்குத் தம்பியாகப் பிறந்திருப்பது. சம்பளம், அக்கா வீட்டில் மூன்று வேளைச் சாப்பாடு. அதிலும் அத்தானுக்கு அவ்வப்போது வருத்தம் உண்டு.

இந்த கேஸைக் கொடுத்தது அக்காதான். அவளுடைய பள்ளித் தோழி ஒருத்தி வருடக்கணக்கில் ஒரு மலையின் கிரானைட்டை ஆராய்ந்து, ஆய்வேடு எழுதிக் கொடுத்து, டாக்டர் பட்டம் கைக்கு எட்டும் நேரத்தில், எண்களைப் பொய்யாகப் போட்டாள் என்று மாட்டியிருந்தாள். பட்டம் வந்ததும் இல்லை, போனதும் இல்லை என்ற நிலையில் இருந்ததால் நான் அவளுக்கு அரை டாக்டர் என்று பெயர் வைத்திருந்தேன். இன்று பிற்பகல் விசாரணைக் குழு கூடுகிறது. பொய்தான் என்று குழு எழுதிவிட்டால் பட்டத்தோடு முடியாது. ஒரு கல்லூரியில் அவளுக்காகக் காத்திருக்கும் வேலை போகும். இனி எந்த ஆய்வுக்கூடமும் அவளை வாசல்படி ஏற விடாது.

"அவ பேரு கெட்டுச்சுன்னா ரெண்டு பேரும் வீட்டுப் பக்கம் வராதீங்க" என்று அக்கா காலையில் சொல்லி அனுப்பினாள். அத்தான் மாடிப்படி ஏறியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அரை டாக்டர் தாழ்வாரத்தில், கல் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அழுதது தெரியாமல் இருக்க முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள். அந்தப் பவுடர்தான் அழுததை ஊருக்கெல்லாம் சொன்னது.

"வாங்கண்ணா. வா தம்பி. மத்தியானம் கூட்டம். எனக்குக் கை கால் ஓடல."

"முதல்ல உங்க சண்டை என்னன்னு சொல்லும்மா" என்றார் அத்தான். "இவனுக்குப் புரியற மாதிரி சொல்லு. இவனுக்கே புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்."

அவள் பெட்டியிலிருந்து இரண்டு கற்களை எடுத்து முட்டவிட்டாள்.

"பல கோடி வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு கண்டம் மோதிக்கிச்சுண்ணா. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, அந்த இடத்துல தரை தடிச்சுப் போச்சு. அந்த மலையில இருக்கற கிரானைட் எப்பப் பொறந்துச்சுங்கறதுதான் கேள்வி. மோதல் ஓய்ஞ்ச பிறகுன்னு நான் சொல்றேன். அடியில சொருகித் தொங்கிட்டிருந்த பாறைத் தட்டு முறிஞ்சு கீழ போயிருச்சு. அந்தச் சந்துல ஆழத்துலேர்ந்து சூடு ஏறி வந்துச்சு. தடிச்சுக் கிடந்த தரை அந்தச் சூட்டுல அடிப்பக்கமா உருகிச்சு. உருகினது மேல வந்து, மெல்ல ஆறி, கல்லாச்சு."

"புரிஞ்சிருச்சு" என்றேன். "அத்தானும் அக்காவும் சண்டை போடற அன்னைக்கு வெறும் சத்தம்தான் இருக்கும். சண்டை ஓய்ஞ்சு, ரெண்டு பேரும் பேசாம இருக்காங்க பாருங்க, அப்பத்தான் பாத்திரம் பறக்கும்."

"அதேதான் தம்பி!"

அவள் அன்று முதல் முறையாகச் சிரித்தாள். அத்தான் என்னை முறைத்தார்.

"சரி, உங்க பேராசிரியர் என்ன சொல்றார்?"

"மோதலுக்கும் அந்தக் கல்லுக்கும் சம்பந்தமே இல்லங்கறார். மோதலெல்லாம் மறந்து போன காலத்துல, அமைதியான தரைக்கடியில, யார் தயவும் இல்லாம அது தானாப் பொறந்துச்சாம். வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து இதையே சொல்லிப் பேர் வாங்கிட்டார். பசங்க அவருக்கு சுயம்புன்னு பேர் வெச்சிருக்காங்க."

அந்தப் பெயர் கல்லுக்குப் பொருந்துகிறதோ இல்லையோ, ஆசாமிக்குத் தைத்த சட்டை போலப் பொருந்தியது. தனக்கும் ஒரு ஆசிரியர் இருந்தார், தானும் ஒரு காலத்தில் எதையோ கற்றுக்கொண்டோம் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லையாம்.

"இதை எப்படித் தீர்த்து வைப்பீங்க? கல்லு வாயத் திறந்து சொல்லுமா?"

"சொல்லும்ண்ணா. பெத்தவங்க ஜாடை பிள்ளைக்கு இருக்குமில்ல? அது மாதிரி, எது உருகிச்சோ அதோட ஜாடை கல்லுல இருக்கும். துளித்துளியா இருக்கற தனிமங்கள்தான் காட்டிக் கொடுக்கும். டான்டலம்னு ஒண்ணு. அது அதிகமா இருந்தா சார் சொல்றது சரி. கம்மியா இருந்தா நான் சொல்றது சரி. நான் அளந்தேன், கம்மியாத்தான் இருந்துச்சு. சார் ஒத்துக்கல. மறுபரிசோதனை வேணும்னார். அதே கல்லோட மீதிப் பாதியக் குழு முன்னாடி சீல் வெச்சு, துறையிலயே அரைச்சு, மாவை வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாங்க. அங்கேர்ந்து மூணு மடங்கு டான்டலம் வந்திருக்கு."

"ஒரே கல்லு, ரெண்டு எண்ணா?"

"ஆமாண்ணா. ரெண்டுல ஒருத்தர் பொய் சொல்லணும். சார் சொல்ல மாட்டார்னு எல்லாருக்கும் தெரியும். மிச்சம் நான்தானே இருக்கேன்?"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கேஸ் முடிந்தது என்றே நினைத்தேன். "கல்ல மாத்திட்டாங்க அத்தான்! இவங்க கல்ல எடுத்துட்டு வேற கல்ல வெச்சு அரைச்சிருக்காங்க!"

அரைத்தது போக மிஞ்சிய துண்டு, சீல் வைத்த பையில் அலமாரியில் இருந்தது. அரை டாக்டர் தன்னிடம் இருந்த பாதியைக் கொண்டு வந்தாள். அத்தான் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைபடவில்லை. அலமாரிக்குப் பொறுப்பான குமாஸ்தா முன்னிலையில் பிரித்துத் துண்டை எடுத்து இவள் பாதியோடு சேர்த்து வைத்தார். இளஞ்சிவப்பும் வெள்ளையும் கறுப்புப் பொட்டுமாக இருந்த இரண்டு துண்டுகளும், இடையில் ஒரு தாள் நுழையாத அளவுக்குப் பொருந்திக்கொண்டன. என் புல்லரிப்பு அடங்கியது.

"கல்லு இவங்க கல்லுதான்" என்றார் அத்தான். "வெளியிலேர்ந்து வந்த ரிப்போர்ட்டப் பார்த்தியாம்மா?"

"ஒரு வரிதான் காட்டினாங்க. டான்டலம் வரி."

"மத்த வரியெல்லாம் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடாத சொந்தக்காரங்க மாதிரி வெளியில நிக்குதா? கூப்பிடுவோம், வா."

துறைத்தலைவியின் அறையில் எல்லாம் நேர்க்கோட்டில் இருந்தன. பேனாக்கள், கோப்புகள், ஜன்னலில் ஒரு செடி. அந்தச் செடியின் இலைகள்கூட அனுமதி வாங்கிவிட்டு வளர்ந்தவை போல இருந்தன. சுவரில் பேராசிரியர் சுயம்புவின் படம். இந்த அம்மாள் அவரிடம் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர். அவர் வந்தால் இன்றும் எழுந்து நிற்கிறவர் என்று அரை டாக்டர் வழியிலேயே சொல்லியிருந்தாள்.

"முழு ரிப்போர்ட்டா? எதுக்கு?" என்றார். ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். "நாங்க டான்டலத்த மட்டும்தான் பார்த்தோம். மத்ததுல என்ன இருந்துடப் போகுது?"

அரை டாக்டரின் விரல் தாளில் மேலிருந்து கீழே ஊர்ந்தது. ஓர் இடத்தில் நின்றது. இன்னும் ஓர் இடத்தில் நின்றது. பவுடரையும் மீறி முகம் வெளுத்தது.

"கோபால்ட்... டங்ஸ்டன்... இவ்வளவா? கிரானைட்டுக்கும் இதுக்கும் என்ன ஒட்டு உறவு? இது எப்படி இங்க வந்துச்சு?"

"அவங்க மெஷின் தப்பாக் காட்டியிருக்கும்" என்றார் துறைத்தலைவி சட்டென்று.

"மெஷின் தப்புன்னா டான்டலமும் தப்புதானே மேடம்?" என்றார் அத்தான், ஒன்றும் தெரியாதவர் போல.

துறைத்தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

வெளியே வந்ததும் அத்தான் கேட்டார்: "சொல்லும்மா. அந்தக் கோபால்ட் யார் வீட்டுப் பிள்ளை?"

"டங்ஸ்டனும் கோபால்ட்டும் ஜோடியா வந்தா ஒரே வீடுதான்ண்ணா. கல்லை அரைக்கற கிண்ணம். டங்ஸ்டன் கார்பைடுன்னு ஒரு பொருள், எஃகை விடக் கெட்டி. அதைக் கோபால்ட் வெச்சுத்தான் ஒட்டிக் கிண்ணமாச் செய்வாங்க. அரைக்கறப்ப அது தேஞ்சு மாவுல கலக்கும். அதனாலதான் நான் அகேட் கிண்ணத்துல அரைச்சேன். அதுவும் ஒரு கல்லுதான். தேஞ்சாலும் மணல் சத்து மட்டும்தான் வரும், அது கிரானைட்டுல ஏற்கெனவே நிறைய இருக்கு. ஆனா நம்ம துறையில கார்பைடு கிண்ணமே கிடையாதே! சார் ரூம்ல ஒண்ணு பெட்டியில இருக்கும். அது ஸ்பெஷல் ஸ்டீல்னு சொல்வார்."

"யாரு சொல்வார்?"

"சார்தான்."

"ம்" என்றார் அத்தான். இந்த 'ம்'முக்குத்தான் அக்கா இருபது வருடமாக அவரோடு குடும்பம் நடத்துகிறாள். "நீ இங்கயே இரும்மா. நாங்க கீழ போய்ட்டு வர்றோம்."

"மறுபடியும் படியா?" என்று கேட்க வாயெடுத்தேன். அத்தான் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தார். மூச்சிரைப்பைக் காணோம்.

அரைக்கும் அறை அடித்தளத்தில் இருந்தது. மேலே அளக்கிற இயந்திரங்களுக்குக் குளிர்சாதன வசதி உண்டு. இங்கே மனிதன் வேலை செய்வதால் ஒரு மின்விசிறி, அதுவும் தூசியைக் கிளப்ப. அங்கே தலை முதல் கால் வரை வெள்ளையாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். துறை முழுக்க அவரை மாவுமில் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

"நான் அரைக்காத மலை கிடையாது சார்" என்றார் வந்த வேகத்தில். "இந்த ஊர்ல பட்டம் வாங்கின அத்தனை பேரும் என் கை மாவுதான்."

"அந்த மறுபரிசோதனைக் கல்ல எந்தக் கிண்ணத்துல அரைச்சீங்க?"

"ராஜாவுலதான்! முக்கியமான கல்லாச்சே. சார் ரூம்லேர்ந்து பெட்டியோட இறங்கி வரும். தூக்கிப் பாருங்க, தோள்பட்டை கழண்டுடும். ரெண்டு குலுக்கு குலுக்கினாப் போதும், கல்லு மாவாயிடும். இன்னும் திருப்பிக் கொடுக்கல, கழுவித் துடைச்சு வெச்சிருக்கேன்." அலமாரியில் பட்டுத்துணிக்கு நடுவே கறுத்த கிண்ணம் ஒன்று பளபளத்தது. "அந்த அகேட் கிண்ணம் இருக்கே, சனியன். அரை நாள் பக்கத்துலயே நிக்கணும்."

"சாரோட கல்லு எல்லாமே ராஜாவுலதானா?"

"எல்லாமே. அவர்கிட்ட படிச்ச பசங்க கல்லும்தான். அந்தம்மா ஒருத்திதான் அகேட்டு, அகேட்டுன்னு என் இடுப்ப ஒடிச்சாங்க. அப்புறம் அந்தக் கம்பெனிக் கல்லு."

அத்தான் மூக்கைச் சொறிந்தார். "எந்தக் கம்பெனி?"

"ஏதோ சுரங்கக் கம்பெனி சார். செல்போனுக்குள்ள போடறாங்களே, அந்த டான்டலம் எங்க கிடைக்கும்னு தேடறாங்களாம். நம்ம சார்தான் அவங்களுக்கு ஆலோசகர். அவங்க கல்லு வந்தா மட்டும் அகேட்டுலதான் அரைக்கணும்னு ஒத்தக் கால்ல நிப்பார். ராஜாவ வெளியிலயே எடுக்க விட மாட்டார். ஏன்னு கேட்டா, பெரிய இடத்துக் கல்லு, மெதுவா அரைக்கணும்பார். பெரிய இடத்துக்காரங்கன்னா எல்லாமே மெதுவாத்தானே நடக்கும்?"

மாவுமில் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அத்தானும் கூடச் சிரித்தார். அத்தான் அப்படிச் சிரித்தால் யாருக்கோ வயிற்றில் புளி கரையப் போகிறது என்று அர்த்தம். எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

"மாவ மாத்தினது சார்தானே அத்தான்?" என்றேன் படியேறும்போது.

"யாரும் எதையும் மாத்தலடா. கல்லு அதே கல்லு. அரைச்சவர் நேர்மையா அரைச்சார். வெளி ஆய்வுக்கூடம் நேர்மையா அளந்துச்சு. இவ்வளவு யோக்கியமான கேஸ் என் வாழ்க்கையில பார்த்ததில்ல. அதான் பயமா இருக்கு."

பேராசிரியர் சுயம்பு எங்களை உட்காரச் சொல்லவில்லை. உட்கார நாற்காலியும் இல்லை. நாற்காலிகளில் எல்லாம் அவர் எழுதிய கட்டுரைகள் உட்கார்ந்திருந்தன. மீசையை மேல்நோக்கி முறுக்கியிருந்தார்.

"துப்பறிவாளரா? கிரானைட்டப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க. சமையல் மேடையில போடுவாங்கன்னு தெரியும். அதனாலதான் உங்கள மாதிரிப் பெரியவங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு." அத்தானின் பார்வை மேசைமேல் தாள்கள் பறக்காமல் இருக்க வைத்திருந்த ஒரு வெள்ளைக் கல்லில் விழுந்தது. பால் கட்டி போல இருந்தது. "அடடா. இது என்ன கல்லுங்க?"

மீசை இன்னும் கொஞ்சம் மேலே போனது. "குவார்ட்ஸ். சுத்தமான குவார்ட்ஸ். நானே மலையில எடுத்தது. மணல் எதால ஆச்சோ அதுதான் இது. சிலிக்கானும் ஆக்சிஜனும் தவிர இதுக்குள்ள ஒண்ணும் கிடையாது."

"டங்ஸ்டன், கோபால்ட் இதெல்லாம்...?"

"இதுலயா? இருந்தா நான் மீசைய எடுத்துடறேன்."

"வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு தடவை காட்டணும் சார். கொஞ்ச நேரம் எடுத்துட்டுப் போகட்டுமா?"

"தாராளமா. உடையாது, பயப்படாதீங்க."

அந்தக் கல் அக்காவைப் பார்க்கவில்லை. நேராக அடித்தளத்துக்குப் போனது. அங்கே சுத்தியலைப் பார்த்தது, பிறகு ராஜாவைப் பார்த்தது, பிறகு கல்லாக இல்லை. கூட்டத்துக்குள் முடிய வேண்டுமே என்று ஒரு பிடிச் சில்லுகளை மட்டும் அத்தான் சொன்னபடி மாவுமில் அகேட்டிலும் போட்டு முனகிக்கொண்டே குலுக்கினார். இரண்டு டப்பிகளோடு மாவுமில்லையும் கூட்டிக்கொண்டு நாங்கள் கூட்டத்துக்குப் போனோம்.

குழுவில் துறைத்தலைவி நடுவில் இருந்தார். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். பேராசிரியர் எது சொன்னாலும் ஒருவர் "ஆமாம்" என்றார், மற்றவர் "ஆமாங்க" என்றார். ஆகவே அவர்களுக்கு அதுவே பெயராகிவிட்டது. எதிரே அரை டாக்டர் கைகளை மடியில் வைத்து நெரித்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணைத் திரிச்சது தெளிவா நிரூபணமாயிருக்கு" என்று ஆரம்பித்தார் பேராசிரியர். "இவ என் மாணவிங்கறதுல எனக்கு எவ்வளவு வேதனைன்னு..."

"ஆமாம்."

"ஆமாங்க."

"ஒரு நிமிஷம் சார்" என்றார் அத்தான். "உங்ககிட்ட ஒரு துப்பாக்கி இருக்காமே?"

எல்லோரும் திடுக்கிட்டார்கள். பிறகுதான் புரிந்தது. இந்தத் துறையில் கல்லை நோக்கிப் பிடித்து விசையை அழுத்தினால், உள்ளே என்னென்ன தனிமம் இருக்கிறது என்று திரையில் காட்டும் ஒரு கருவி உண்டு. பார்ப்பதற்குத் துப்பாக்கி போலவே இருக்கும். இத்தனை வருடமாகத் துப்பறிந்ததில் நான் கண்ணால் கண்ட ஒரே துப்பாக்கி இதுதான்.

துறைத்தலைவி தலையசைத்தார். அரை டாக்டரே கருவியை எடுத்தாள். முதல் டப்பியைச் சுட்டாள். திரையில் சிலிக்கான் மட்டும் வந்தது. இரண்டாவது டப்பியைச் சுட்டாள். சிலிக்கான் வந்தது, அதன் கூடவே டங்ஸ்டன் வந்தது, கோபால்ட்டும் வந்தது.

"ரெண்டும் ஒரே கல்லுங்க" என்றார் அத்தான். "சார் மேசைமேல இருந்த குவார்ட்ஸ். முதல் டப்பி அகேட்டுல அரைச்சது. ரெண்டாவது ராஜாவுல. மீசைய அப்புறம் பேசிக்கலாம்."

பேராசிரியரின் முகம் ஒரு கணம் செத்தது. ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. அடுத்த கணமே சிரித்தார்.

"இதுக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டமா? கார்பைடு கிண்ணம்னா கொஞ்சம் உதிரும். குழந்தைக்கும் தெரியும். டங்ஸ்டன் வந்தா வரட்டுமே. என் ஆராய்ச்சி டான்டலத்தப் பத்தி. கிண்ணத்துலேர்ந்து டான்டலம் வராது."

"ஆமாம்" என்றார் ஆமாம், உயிர் வந்தவராக.

"வரும் சார்" என்றாள் அரை டாக்டர். "கெட்டியா இருக்கணும்னு செய்யறவங்க அதுலயும் கொஞ்சம் சேர்ப்பாங்க. அது ஸ்டீல்னு நீங்க சொன்னதால நான் யோசிக்கவே இல்ல."

"புத்தகப் படிப்பு. என் கிண்ணத்துல கிடையாது. முப்பது வருஷமா எனக்குத் தெரியாததா?"

"அப்ப ஒரே ஒரு சந்தேகம் சார்" என்றார் அத்தான் மிகவும் பணிவாக. "உங்க கிண்ணத்துல டான்டலம் வராதுன்னா, டான்டலம் தேடற கம்பெனிக் கல்ல மட்டும் ஏன் அதுல அரைக்க விட மாட்டேங்கறீங்க?"

பேராசிரியரின் கை மீசைக்குப் போய்ப் பாதியில் நின்றது.

"யார் சொன்னது?"

வாசலில் டப்பிகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்த மாவுமில் கையைத் தூக்கினார். "நான்தான் சார் சொன்னேன். ஏன், தப்பா? நீங்கதானே சார் அகேட்டு அகேட்டும்பீங்க. என் இடுப்பக் கேட்டுப் பாருங்க."

அப்போதுதான் என் மரமண்டைக்கு ஏறியது. கிண்ணம் பொய் சொல்கிறது என்று சுயம்புவுக்கு எப்போதோ தெரியும். கம்பெனிக்காரனிடம் பொய் டான்டலத்தைக் காட்டினால் அவன் அங்கே பள்ளம் தோண்டுவான், ஒன்றும் கிடைக்காவிட்டால் சட்டையைப் பிடிப்பான். அங்கே அகேட். ஆராய்ச்சிக்கு யார் வந்து சட்டையைப் பிடிக்கப் போகிறார்கள்? மலையின் தலையில் மிளகாய் அரைத்தால் மலை கேட்குமா? அதனால் இங்கே ராஜா. அந்தச் சுயம்புக் கல்லைப் பெற்றெடுத்தது இந்தக் கிண்ணம். அதைக் கண்டுபிடித்துவிடக் கூடியவள் ஒருத்தி வந்ததும், அவளைப் பொய்க்காரியாக்கி வெளியே தள்ளப் பார்த்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ராஜாவைத் தூக்கி அவர் காலில் போட்டிருப்பேன். என்னால் தூக்க முடியாது என்பதால் சும்மா இருந்தேன்.

பேராசிரியர் தண்ணீர் குடித்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சரிம்மா. நீ பொய் சொல்லல. ஒத்துக்கறேன். பட்டம் இன்னைக்கே குடுத்துடலாம், வேலைக்கும் நானே கடிதம் தர்றேன். கிண்ணத்தப் பத்தின பேச்சு மட்டும் இந்த அறையோட முடியட்டும். இங்க இருக்கற எல்லாருக்கும் அதுதான் நல்லது."

எல்லாருக்கும் என்றபோது அவர் பார்வை ஆமாம், ஆமாங்க, துறைத்தலைவி என்று மூன்று பேர் மேலும் போய் வந்தது. மூன்று பேரும் அவர் மாணவர்கள். மூன்று பேருடைய பட்டமும் ராஜாவில் அரைத்தது.

ஆமாங்க வேகமாக ஒரு தாளையும் பேனாவையும் அரை டாக்டர் பக்கம் நகர்த்தினார். அவள் பேனாவை எடுத்தாள். எனக்குத் திக்கென்றது. ஆனால் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் வீட்டில் ஒரு மகள், அம்மா டாக்டராகிவிட்டாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நானாக இருந்தால் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பேன். அத்தான்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் பேனாவை மூடித் திரும்ப வைத்தாள்.

"என் ஆய்வேட்டுல இந்தக் கிண்ணத்தப் பத்தி ஒரு அத்தியாயம் வரணும் சார். அதோட சேர்த்துப் பட்டம் குடுக்கறதுன்னா குடுங்க. இல்லன்னா வேணாம்."

"வறட்டுப் பிடிவாதம். இதனால உனக்கு என்ன லாபம்?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் போற காலேஜ்ல ஒரு பொண்ணு உங்க எண்ணை நம்பி மறுபடி அதே மலை ஏறுவா. அவ கேட்டா நான் என்ன சொல்றது?"

"அப்ப வெளிய போ" என்றார் பேராசிரியர். பணிவெல்லாம் பறந்துவிட்டது. "குழு தீர்மானம் எழுதட்டும். எண் திரிபு. எழுதும்மா."

அது துறைத்தலைவிக்குச் சொன்னது. அந்த அம்மாள் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைத் திறந்தார். நெடுநேரம் எழுதினார். அரை டாக்டர் கண்ணை மூடிக்கொண்டாள். எழுதி முடித்ததும் துறைத்தலைவி சத்தமாகப் படித்தார்.

"குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை. பட்டத்துக்குப் பரிந்துரை செய்கிறேன். கிண்ணத்தைப் பற்றிய அத்தியாயம் சேர்க்கப்பட வேண்டும்."

கையெழுத்தும் போட்டார். அரை டாக்டர் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளுக்குக் கண் துடைக்கக் கொடுக்கக் கைக்குட்டை தேடினேன். அத்தான் கண்களுக்கு அது முன்பே போயிருந்தது.

துறைத்தலைவி வாசல் பக்கம் திரும்பினார். "மாவுமில், என் கல்லெல்லாம் கிடங்குல இருக்கா?"

"இருக்கு மேடம். மேல் தட்டுல."

"இறக்குங்க. அகேட்டுல போடணும்."

"உனக்குப் பைத்தியமா?" என்று எழுந்தே விட்டார் பேராசிரியர். "உன் பட்டமே போயிடும்மா!"

"போகலாம் சார், இருக்கலாம். அது என்னுதா, கிண்ணத்துதான்னு தெரியாம இத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கேன். தெரிஞ்சுட்டு எடுக்கறேன்" என்றார் துறைத்தலைவி. பேராசிரியர் நின்றுகொண்டிருக்க, இந்த அம்மாள் உட்கார்ந்தே பேசினார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்தார். "உங்க ரெண்டு பேர் கல்லும் எந்தத் தட்டுல இருக்கு?"

ஆமாமும் ஆமாங்கவும் ஒரு வார்த்தை பேசவில்லை.